வேப்பமரத்தில் தொங்கிய மலாயா மணி: ஒரு கவசத் தகட்டின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மேலூரிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு கிராமம். அங்கே ஒரு வீட்டு வாசல் வேப்பமரத்தில் அறுபது வருஷத்துக்கு மேல் ஒரு இரும்புத் தகடு தொங்கியது. ஒரு முழ நீளம், முக்கால் முழ அகலம், தூக்கினால் பதினாலு கிலோ. நடுவுக்குச் சற்று மேலே ஒரு ஓட்டை. அந்த ஓட்டையில் கம்பியைக் கோத்துக் கட்டி, வயலில் நிற்கிறவர்களைக் கஞ்சிக்குக் கூப்பிட ஒரு கடப்பாரைத் துண்டால் தட்டுவார்கள். ஊரே அதை "மலாயா மணி" என்றுதான் சொல்லும்.

அதைக் கொண்டு வந்தவர் அந்த வீட்டுத் தாத்தா. அவர் 1930களில் மலாயாவுக்குப் போய், மூவார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் மரத்தில் பால் வெட்டும் வேலை பார்த்தவர். சண்டை முடிந்தபின் தோட்டத்தில் பெரட்டுக்கு, அதாவது காலையில் வரிசையில் நிறுத்திப் பேர் எடுப்பதற்கு, ஆள் கூப்பிட இந்தத் தகட்டைத்தான் கட்டித் தொங்கவிட்டிருந்தார்களாம். 1950களில் ரஜூலா கப்பலில் நாகப்பட்டினம் வந்து இறங்கியபோது ஒரு தகரப் பெட்டியும் இந்தத் தகடும்தான் அவர் சாமான். அவருடைய அண்ணனை ஜப்பான்காரர்கள் சயாம் ரயில் பாதை போடக் கூட்டிப்போனார்கள், அவர் திரும்பி வரவே இல்லை. அதனால் அந்த வீட்டுக்கு இது வெறும் இரும்பு இல்லை. இதைச் சொல்லாமல் பின்னால் எடுத்த முடிவுகள் எதுவும் விளங்காது.

ஓட்டையைப் பற்றி வீட்டில் ஒரே கதைதான்: "ஜப்பான்காரன் டாங்கியில வெள்ளைக்காரன் சுட்ட குண்டு பாஞ்ச ஓட்டை."

நான் ராணுவத்தில் இ.எம்.இ. பிரிவில் வண்டி பழுதுபார்க்கும் வேலையில் பதினேழு வருஷம் இருந்துவிட்டு வந்தவன், இப்போது கப்பலூரில் சின்னப் பட்டறை. சென்ற தை மாதம் பொங்கல் முடிந்த வாரம் அந்த வீட்டுப் பேரன் போனில் இரண்டு படம் அனுப்பினான். பழைய ஓட்டு வீட்டைப் பிரித்துப் புது வீடு கட்டுகிறார்கள், தகட்டைப் பளபளவென்று ஆக்கி வரவேற்பறையில் மாட்ட வேண்டும். "அண்ணே, இதக் கிரைண்டர் போட்டு பாலிஷ் பண்ணித் தர முடியுமா, கூடவே பரண்ல இருந்து இதுவும் கெடச்சுது" என்று கேட்டிருந்தான். முதல் படத்தில் தகடு. இரண்டாவது படத்தைப் பார்த்ததும் கையில் இருந்த டீயைக் கீழே வைத்துவிட்டு உடனே அவனைக் கூப்பிட்டேன்.

இரண்டாவது படத்தில் இருந்தது

ஒரு பீரங்கி ரவை. விரற்கடை கணக்கில் சொன்னால் ஏழெட்டு விரற்கடை நீளம், கூர்மழுங்கிய மூக்கு, பின்பகுதியைச் சுற்றி ஒரு செம்புப் பட்டை. பித்தளைத் தோட்டாக் கூடு கிடையாது, முன்னால் பறந்து போகிற பகுதி மட்டும். தாத்தாவின் தகரப் பெட்டிக்குள் வேட்டியில் சுற்றி இருந்திருக்கிறது. தம்பி, அதாவது அந்தப் பேரன், கம்பி பிரஷ் போட்டு மூக்கைத் தேய்க்க ஆரம்பித்திருந்தான், பாதி பளபளத்தது.

அதைக் கீழே வைக்கச் சொன்னேன். எங்கே இருக்கிறதோ அங்கேயே விடு, தட்டாதே, தேய்க்காதே, பெட்டிக்குள் திரும்ப வைக்கவும் வேண்டாம், வீட்டில் எல்லாரையும் வெளியே கூட்டிக்கொண்டு போ.

"அண்ணே, எழுவது என்பது வருஷமாச்சே, இனிமேலா வெடிக்கப் போகுது?"

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விளக்கமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் மலாயா, பர்மா பெட்டிகள் இன்னும் எத்தனையோ பரணில் கிடக்கின்றன. இரண்டாம் உலகப் போரின் ஆரம்பத்தில் பிரிட்டிஷ்காரர்களிடம் இருந்த டாங்கி எதிர்ப்பு பீரங்கி 2 பவுண்டர். 40 மில்லிமீட்டர் குழல். அது சுட்டது பெரும்பாலும் கெட்டி எஃகு, உள்ளே வெடிமருந்து கிடையாது, பின்னால் வெளிச்சம் காட்டும் ட்ரேசர் மட்டும். ஜப்பானியரிடம் இருந்தது 37 மில்லிமீட்டர். அவர்கள் கவசத்துக்கு எதிராகச் சுட்ட ரவைக்குள் கொஞ்சம் வெடிமருந்தும், அடிப்பக்கத்தில் அதை வெடிக்கவைக்கும் ஒரு ஃபியூஸும் உண்டு. போனில் எடுத்த படத்தில் 37க்கும் 40க்கும் உள்ள 3 மில்லிமீட்டர் வித்தியாசத்தை எவனாலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

இன்னொன்றும் படத்தில் தெரிந்தது. அந்தச் செம்புப் பட்டையில் சாய்வான கோடுகள் விழுந்திருந்தன. பீரங்கிக் குழலுக்குள் இருக்கும் சுருள் வரிகள் செம்பில் பதிந்தால்தான் அந்தக் கோடு வரும். அப்படியென்றால் இது சுடப்பட்ட ரவை. சுடப்பட்டது என்றால் ஆபத்து தீர்ந்தது என்றுதான் பலர் நினைக்கிறார்கள், எனக்கு அதுதான் பெரிய பயம். வெடிமருந்து உள்ள ரவை குழலை விட்டு வெளியே வரும்போதுதான் ஃபியூஸ் விழித்துக்கொள்கிறது. போய் விழுந்தும் வெடிக்காமல் கிடப்பது, சுடாமல் பெட்டியில் கிடப்பதைவிட மோசம். வருஷம் ஆக ஆக மருந்து செத்துப்போகும் என்று நம்பி உட்காரவும் முடியாது.

முதல் முடிவு: ரவையைக் கொடுத்துவிடுவது

வீட்டில் பயம் வேறு மாதிரி இருந்தது. போலீஸில் சொன்னால் வெடிகுண்டு வைத்திருந்ததாகக் கேஸ் ஆகிவிடுமோ, பேரன் பாஸ்போர்ட்டுக்குப் போட்டிருக்கிறானே, அது கெட்டுப்போகுமோ என்று. உறவுக்காரர் ஒருவர், ராத்திரியோடு ராத்திரியாகக் கண்மாயில் போட்டுவிடலாம் என்றார். கண்மாய் தூர்வாரும்போது ஜேசிபி வாளியில் அது மாட்டினால் என்ன ஆகும் என்று கேட்டேன், அவரிடம் பதில் இல்லை.

கடைசியில் அப்பத்தாதான் முடிவு செய்தார். எண்பதைத் தாண்டியவர், தெளிவான மனுஷி. "அய்யா, அந்த மனுசன் இத எதுக்குக் கொண்டாந்தாருன்னு எனக்குத் தெரியாது. பிள்ளைக ஓடியாடுற வீடு. நல்லதோ கெட்டதோ சொல்லிப்புடுங்க."

கிராம நிர்வாக அலுவலரிடம் முதலில் சொல்லி, அவர் மூலமாகவே காவல் நிலையத்தில் எழுத்தில் மனு கொடுத்தோம்: பழைய வீட்டைப் பிரிக்கும்போது கிடைத்தது, இன்ன இடத்தில் இருக்கிறது, என்னவென்று தெரிந்தபின் நாங்கள் தொடவில்லை. தேய்த்ததையும் மறைக்காமல் எழுதச் சொன்னேன். வெடிகுண்டு செயலிழப்புப் பிரிவினர் வந்து, தெருவைக் காலி செய்து, மணல் வாளியில் வைத்து எடுத்துப் போனார்கள். வாக்குமூலம் வாங்கினார்கள், கேஸ் எதுவும் போடவில்லை. சில வாரம் கழித்து, உரிய அனுமதியோடு ஊருக்கு வெளியே வைத்துச் செயலிழக்கச் செய்துவிட்டதாகத் தகவல் வந்தது. பிரித்துப் பார்க்கவில்லை, உள்ளே மருந்து இருந்ததா என்பது எங்களுக்குக் கடைசிவரை தெரியாது. ஆராய்ச்சிக் கண்ணோடு பார்த்தால் ஒரு நல்ல சாட்சி போய்விட்டது. ஆனாலும் அதே முடிவைத்தான் மறுபடியும் எடுப்பேன்.

தகடு மட்டும் மிஞ்சியது.

தகட்டில் முதலில் பார்த்தது, முதலில் தப்பாகப் படித்தது

தகட்டைப் பட்டறைக்குக் கொண்டுவந்து கிரைண்டரை எட்ட வைத்துவிட்டேன். ஒவ்வொரு பொங்கலுக்கும் அதற்குக் காவியும் சுண்ணாம்பும் அடித்திருக்கிறார்கள், படலம் படலமாக இருந்தது. அதை நனைத்து, மூங்கில் குச்சியால் மெதுவாகச் சுரண்டி எடுக்க நாலு நாள் ஆனது. ஒரு பக்கத்தில் காவிக்கு அடியில் பழுப்பும் பச்சையும் கலந்த பழைய பெயிண்ட் திட்டுத் திட்டாக இருந்தது. மறுபக்கத்தில் அது இல்லை.

வெர்னியரில் தகட்டின் கனம் 11.8 மில்லிமீட்டர். ஓட்டை வட்டமாக இல்லை, லேசாக நீள்வட்டம்: ஒரு திசையில் 44, மறு திசையில் 52. ஓரத்தில் ஒரே வரிசையில் மூன்று ரிவெட் துளைகள். ஓட்டையைச் சுற்றி ஒரு பக்கம் உலோகம் உதடு மாதிரி வெளியே பிதுங்கி, இரண்டு இடத்தில் கிழிந்திருந்தது. மறுபக்கம் விளிம்பு வழுவழுப்பாக உள்வாங்கியிருந்தது.

குண்டு உதடு இல்லாத பக்கம் புகுந்து, உதடு இருக்கிற பக்கம் வெளியே வந்திருக்கிறது, அது சரி. அப்படியென்றால் உதடு இருக்கும் பக்கம்தான் வண்டியின் உட்புறம் என்று நான் அடித்துச் சொல்லிவிட்டேன். வெளியிலிருந்து சுட்டால் உள்ளேதானே போகும்! வழுவழுப்பான பக்கத்தில் நிறையக் குழிகள் இருந்தன, முப்பதுக்கு மேல். அதையெல்லாம் மணி அடித்த தழும்பு என்று ஒதுக்கிவிட்டேன். இரண்டுமே தப்பு.

தப்பைக் காட்டியவர் இங்கே ஒரு பொறியியல் கல்லூரியில் உலோகவியல் எடுக்கும் பேராசிரியர். எனக்குப் பழக்கம், வெல்டிங் சோதனைக்கு அவரிடம் போவதுண்டு. தகட்டை மேசையில் கிடத்தி, சாய்வாக டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அரை மணி நேரம் கழித்து, "நீங்க ஓட்டையையே பாக்குறீங்க, ஓரத்தைப் பாருங்க" என்றார்.

ரிவெட் துளை வரிசையை ஒட்டி, வழுவழுப்பான பக்கத்தில், இரண்டு அங்குல அகலத்துக்கு ஒரு நேரான பட்டை தெரிந்தது. அங்கே மட்டும் துரு வேறு நிறம், மேற்பரப்பு சமமாக இருந்தது. ஏதோ ஒரு ஆங்கிள், சட்டத்தின் L வடிவ இரும்பு, அந்த இடத்தில் ரிவெட் அடித்து ஒட்டியிருந்திருக்கிறது. மறுபக்கத்தில், அதாவது உதடும் பழைய பெயிண்டும் இருக்கிற பக்கத்தில், ஒவ்வொரு துளையைச் சுற்றியும் ரிவெட் தலை உட்கார்ந்த வட்டத் தடம். வண்டிக்கூட்டின் சட்டம் உள்ளே இருக்கும், பெயிண்ட் வெளியே இருக்கும். இதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, பதினேழு வருஷம் அதைத்தானே செய்தேன்.

ஆக உதடு இருப்பது வண்டியின் வெளிப்பக்கம். குண்டு உள்ளேயிருந்து வெளியே போயிருக்கிறது.

வண்டியின் ஒரு பக்கச் சுவரில் புகுந்து, ஆட்கள் உட்கார்ந்திருந்த இடத்தைக் குறுக்கே கடந்து, எதிர்ச் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியேறிய குண்டு அது. நம்மிடம் இருப்பது அந்த எதிர்ச் சுவரின் துண்டு. எழுபது வருஷமாக வீட்டில் சொன்ன கதையில் குண்டு புகுந்தது, அவ்வளவுதான். வெளியேறியதை யாரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

இரண்டாவது முடிவு: அறுக்காமல் சோதிப்பது

ஓட்டையின் குறுக்கே அறுத்து, பாலிஷ் பண்ணி, மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் உலோகம் எப்படிக் கிழிந்தது, எந்தச் சூட்டுக்குப் போனது எல்லாம் தெரியும் என்று பேராசிரியர் சொன்னார். எனக்கும் ஆசைதான். அப்பத்தாவிடம் கேட்டோம். "மணிய அறுத்தா அப்புறம் அது எப்படிய்யா சத்தம் குடுக்கும்" என்றார். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டோம்.

பிரினெல் கடினத்தன்மைச் சோதனை மட்டும் செய்தோம். 10 மில்லிமீட்டர் கடின உருண்டையை 3,000 கிலோ பாரத்தில் அழுத்தி, விழுகிற பள்ளத்தின் விட்டத்தை அளப்பது. கடப்பாரைத் துண்டால் ஏற்கெனவே அடிபட்ட கீழ் ஓரத்தில், இரண்டு பக்கமும் இரண்டிரண்டு இடம். பள்ளம் 3.2 முதல் 3.3 மில்லிமீட்டர் வந்தது, அதாவது பிரினெல் 340 முதல் 365. நம் பட்டறையில் கேட் அடிக்கிற சாதாரண இரும்புத் தகட்டில் அதே பாரத்துக்குப் பள்ளம் 5 மில்லிமீட்டரைச் சுற்றி விழும், பிரினெல் 120, 150 அவ்வளவுதான். தோட்டத்து பாய்லரிலோ தண்ணீர்த் தொட்டியிலோ வெட்டிய தகடு இவ்வளவு கடினமாக இருக்காது. இது கவசத்துக்கென்றே பதம் ஏற்றிய எஃகு. வேப்பமரத்தில் அப்படிக் கணீரென்று ஒலித்ததற்கும் காரணம் அதுதான்.

குழிகள்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன், இந்த ஆய்விலேயே எனக்கு மனதைப் பிசைந்த இடம் இதுதான்.

மணி அடித்த தழும்பு எங்கே இருக்கும் என்று அப்பத்தாவிடம் கேட்டோம். கீழ் ஓரத்தில்தான் தட்டுவோம், நடுவில் தட்டினால் சத்தம் செத்துப்போகும் என்றார். பார்த்தால் அப்படியே இருந்தது: கீழ் ஓரத்துத் தழும்புகள் மழுங்கலாக, ஒன்றின் மேல் ஒன்றாக, தேய்ந்து வழவழப்பாக. ஆனால் உட்பக்கம், ஓட்டைக்கு இடது கைப்பக்கமாக ஒரு சாண் அகலத்துக்குள் நெருக்கமாக இருந்த 31 குழிகள் வேறு ஜாதி. ஓரம் கூர்மை. சிலது அரிசி அளவு, சிலது புளியங்கொட்டை அளவு. உள்ளே அடிவரை பழைய துரு. மூன்றில் வேறொரு உலோகத் துணுக்கு புதைந்தே இருந்தது, மிக ஆழமானது 2 மில்லிமீட்டர். பிரினெல் 350 உள்ள எஃகில் 2 மில்லிமீட்டர் பள்ளம் போட வேண்டுமென்றால் அந்தத் துணுக்கு என்ன வேகத்தில் வந்திருக்க வேண்டும்!

குழிகள் சாய்வாக விழுந்திருந்தன. சாய்வு தெளிவாகத் தெரிந்த ஒன்பதில் ஈர்க்குச்சியை ஒட்டவைத்து, அதே திசையில் நூல் பிடித்தோம். நூல்கள் எல்லாம் தகட்டிலிருந்து ஏறத்தாழ ஒன்றேகால் மீட்டர் தள்ளி ஒரு இடத்தை நோக்கிக் குவிந்தன. துல்லியம் இல்லை, அரை மீட்டர் முன்பின் இருக்கலாம். ஆனால் அந்தப் புள்ளி எது என்பதில் சந்தேகம் இல்லை: முதல் சுவரில் குண்டு புகுந்த இடம்.

கவசத்தைத் துளைக்கும்போது குண்டு மட்டும் உள்ளே வருவதில்லை. கடினமான மெல்லிய தகட்டை அதன் கனத்தைவிடப் பெரிய விட்டமுள்ள குண்டு அடித்தால், தகடு விரிந்து வழிவிடாது. குண்டின் அகலத்துக்கு ஒரு வில்லையை வெட்டித் தள்ளிவிடும், பணியாரம் மாதிரி. அந்த வில்லை உடைந்து, ஓட்டையின் விளிம்பிலிருந்து பெயர்ந்த செதில்களும் சேர்ந்து, குண்டைச் சுற்றி ஒரு கூம்பாக விரிந்துகொண்டே போகும். அந்தக் கூம்புக்குள் யார் உட்கார்ந்திருந்தாலும் அவ்வளவுதான். நம் தகட்டில் இருக்கும் 31 குழிகளும் யார் மேலும் படாமல் தப்பி வந்து சுவரில் மோதியவை. ஓட்டைக்கு இடது பக்கம் அடர்த்தியாக இருந்த குழிகள், வலது பக்கம் ஒரு கை அகலத்துக்குச் சுத்தமாக இல்லை. பேராசிரியர் அந்த வெற்று இடத்தில் விரலை வைத்து எதுவும் சொல்லாமல் நின்றார். அங்கே ஏதோ ஒன்று குறுக்கே இருந்து வாங்கியிருக்கிறது. இருக்கையாக இருக்கலாம், ரேடியோப் பெட்டியாக இருக்கலாம். ஆளாகவும் இருக்கலாம்.

சின்ன ரவை என்ன செய்யும், என்ன செய்யாது

2 பவுண்டர் ரவையின் எடை ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல், குழலை விட்டு வரும் வேகம் வினாடிக்கு 790 மீட்டர் அளவில். கணக்குப் போட்டால் ஏறத்தாழ 3,40,000 ஜூல். 10 டன் டவுன் பஸ் ஒன்று மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்து மோதும் சக்தி இது, ஆனால் அத்தனையும் ஒரு எலுமிச்சம்பழம் அகலத்தில் இறங்குகிறது. 450 மீட்டர் தூரத்தில் சுமார் 50 மில்லிமீட்டர் எஃகைத் துளைக்க வல்லது. 12 மில்லிமீட்டர் அதற்கு ஒரு தடையே இல்லை, சக்தியில் சிறு பங்குதான் முதல் சுவரில் செலவாகும், மீதியோடு எதிர்ச் சுவரையும் உடைத்துக்கொண்டு போய்விடும். முதல் சுவரில் லேசாகத் தடுமாறிச் சாய்வதால் இரண்டாவது ஓட்டை நீள்வட்டம் ஆகும். நம் தகட்டில் 44க்கு 52 வந்தது அப்படித்தான்.

கெட்டி ரவைக்கு உள்ள குறையும் இங்கேதான் இருக்கிறது. உள்ளே வெடிப்பு கிடையாது. போகிற வழியில் ஆள், பெட்ரோல் டாங்க், ரவைப் பெட்டி, கியர்பாக்ஸ், இதில் எதையாவது தொட்டால் வண்டி முடிந்தது. எதையும் தொடாவிட்டால் இரண்டு ஓட்டையோடு வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். 1942 ஜனவரி 18 அன்று மூவாருக்குப் பக்கத்தில் பக்ரியில் இதுதான் நடந்தது. சாலையில் வந்த ஜப்பானிய ஹா-கோ லேசு டாங்கிகளை ஆஸ்திரேலியர்களின் 2 பவுண்டர் பீரங்கிகள் சுட்டன. கவசம் துளைக்கும் ரவைகள் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வெளியேற, டாங்கிகள் நிற்காமல் வந்தன. அப்புறம் வெடிக்கும் ரவைகளுக்கு மாற்றிச் சுட்டுத்தான் 9 டாங்கிகளை அழித்தார்கள். ஹா-கோவின் மிகக் கனமான கவசமே 12 மில்லிமீட்டர்தான். அதே வட்டாரத்தில் 45வது இந்தியப் படைப்பிரிவு அந்த வாரம் நொறுங்கிப்போனது, நம் ஆட்கள் பலர் அங்கே விழுந்தார்கள். பக்ரி என்றால் டாங்கிப் படம் மட்டும் ஞாபகம் வைத்திருப்பவர்கள் இதையும் சேர்த்து ஞாபகம் வைக்க வேண்டும்.

கவசம் கனத்தால் நிலைமை தலைகீழ். 1940 டிசம்பர் 9 அன்று எகிப்தின் நிபைவா முகாமை 4வது இந்திய டிவிஷனோடு சேர்ந்து பிரிட்டிஷ் மட்டில்டா டாங்கிகள் தாக்கியபோது, அவற்றின் 78 மில்லிமீட்டர் முன்கவசத்தில் இத்தாலியரின் சின்னப் பீரங்கி ரவைகள் பட்டுத் தெறித்தன. ஜெர்மன் 37 மில்லிமீட்டருக்கு அவர்கள் ஆட்களே "கதவு தட்டி" என்று பெயர் வைத்தார்கள், தட்டத்தான் முடியும், திறக்காது என்று. மேற்பரப்பைக் கடினமாக்கிய ஜெர்மன் தகடுகளில் பட்டு 2 பவுண்டரின், மூக்கில் உலோகத் தொப்பி இல்லாத ரவையும் சில்லுச் சில்லாக உடைந்தது.

துளைக்காவிட்டாலும் சேதம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. ரிவெட் அடித்த வண்டியில் வெளியே பலமாக அடி விழுந்தால், கவசம் தாங்கினாலும் ரிவெட் முறிந்து அதன் துண்டு ரவை மாதிரி உள்ளே பறக்கும். வெல்டிங்குக்கு எல்லா நாட்டுக்காரர்களும் மாறியதற்கு இது ஒரு காரணம். தோளில் வைத்துச் சுடும் துப்பாக்கிகளும் உண்டு, பிரிட்டிஷ் பாய்ஸ் 13.9 மில்லிமீட்டர், சோவியத்தின் பி.டி.ஆர்.டி. 14.5. டாங்கியின் முகத்தில் இவை ஒன்றும் செய்யாது. பக்கவாட்டு மெல்லிய தகடு, பார்க்கும் இடுக்கு, சங்கிலி இவற்றை அடித்தால் வண்டி குருடாகும், முடமாகும். இந்த சோவியத் துப்பாக்கிக்குப் பயந்துதான் 1943ல் ஜெர்மானியர் தங்கள் டாங்கிகளின் விலாவில் பாவாடை மாதிரி 5 மில்லிமீட்டர் தகடுகளைத் தொங்கவிட்டார்கள்.

மூன்றாவது முடிவு: பெயர்ப்பலகையில் என்ன எழுதுவது

தம்பி இதற்குள் வாசகம் தயார் செய்துவிட்டான்: "பக்ரி போரில் அழிக்கப்பட்ட ஜப்பானிய டாங்கியின் கவசம், 1942." மறுத்தேன். இங்கேதான் எங்களுக்குள் கொஞ்சம் மனஸ்தாபம்.

கனம் 12 மில்லிமீட்டர், ரிவெட், இடம் மூவார் பக்கம், எல்லாம் ஹா-கோவுக்குப் பொருந்துகிறது, உண்மைதான். ஆனால் மலாயாவில் நம் பக்கம் ஓடிய மார்மன்-ஹெரிங்டன் கவசக் கார்களுக்கும் 12 மில்லிமீட்டர் வரை கவசம் உண்டு. 44 மில்லிமீட்டர் ஓட்டையை 40 மில்லிமீட்டர் பிரிட்டிஷ் ரவையும் போடலாம், ஜப்பானிய 37ம் போடலாம். அப்படியென்றால் அந்தக் கூம்புக்குள் இருந்தது ஜப்பானியனா, இந்தியப் படைக்காரனா என்றே நமக்குத் தெரியாது. தகட்டின் வேதியியலைச் சோதித்து, உறுதியாக ஹா-கோ என்று தெரிந்த ஒரு தகட்டோடு ஒப்பிட்டால் பிடி கிடைக்கும். அதற்கு வெட்டித் துண்டு எடுக்க வேண்டும், அதை வேண்டாம் என்று ஏற்கெனவே முடிவு செய்தாயிற்று.

"தாத்தா பொய் சொல்லிட்டாருங்கிறீங்களா அண்ணே?"

"இல்லப்பா. தாத்தா தோட்டத்துல தொங்குனதக் கழட்டிக் கொண்டாந்தாரு. அது யாரு வண்டின்னு அவருக்கும் யாராவது சொன்னதுதான்."

அவன் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் தானே ஒரு வாசகம் அனுப்பினான், அதில் ஒரு சொல்லைக்கூட நான் மாற்றவில்லை: "கவச வண்டியின் பக்கச் சுவர். மலாயா, மூவார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கிடைத்தது. குண்டு எதிர்ச் சுவரில் புகுந்து இதன் வழியாக வெளியேறியது. சுற்றியுள்ள குழிகள் உள்ளே பறந்த எஃகுத் துணுக்குகள். வண்டி யாருடையது, உள்ளே இருந்தவர் யார் என்று தெரியவில்லை. தோட்டத்தில் பெரட்டு மணியாகவும் இந்த வீட்டில் சோற்று மணியாகவும் இருந்தது."

அப்புறம் நடந்தது

அறுபது வருஷமாக ஓட்டையில் கோத்த கம்பி ஆடி ஆடி உதட்டின் மேல் விளிம்பைக் கொஞ்சம் அறுத்திருந்தது. அதனால் ஓட்டையை விட்டுவிட்டு, இரண்டு ரிவெட் துளைகளில் தோல் வாஷர் வைத்துக் கட்டினோம். மேல் ஓட்டையில் இருந்தபோது நிமிர்ந்து தொங்கியது, இப்போது பக்கவாட்டில் தொங்குகிறது. பாலிஷ் இல்லை, பெயிண்ட் இல்லை, துரு பரவாமல் இருக்க மெல்லிய மெழுகுப் பூச்சு மட்டும். உட்பக்கம் பார்க்கிறவர் கண்ணில் படுகிற மாதிரி, குழிகளோடு. சோதனை போட்ட நாலு பள்ளங்களுக்கும் பக்கத்தில் சின்ன எண்ணிட்டு, எது நாங்கள் போட்டது என்று ஒரு தாளில் எழுதிப் பின்னால் ஒட்டியிருக்கிறோம். நாளைக்கு இன்னொருவர் வந்து பார்த்தால் அவர் எங்கள் பள்ளத்தைப் போர்க்காலப் பள்ளம் என்று எண்ணிவிடக் கூடாது.

பேராசிரியர் நூல் பிடித்த படங்களை வகுப்பில் காட்டுகிறார். ரவை கிடைத்த செய்தி ஊரில் பரவியதில், பக்கத்து ஊரிலிருந்து இரண்டு பேர் தங்கள் வீட்டுப் பெட்டியில் இருப்பதைக் காட்டக் கூப்பிட்டார்கள். ஒன்று வெறும் பித்தளைத் தோட்டாக் கூடு, காலி. மற்றதைப் படத்திலேயே பார்த்துவிட்டு நேரே காவல் நிலையத்துக்கு அனுப்பினேன்.

மறுபடி செய்தால் மாற்றுவது

காவியைச் சுரண்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு அங்குலத்தையும் படம் எடுத்திருக்க வேண்டும். நான் சுரண்டி முடித்த பிறகுதான் எடுத்தேன், உட்பக்கத்தில் பெயிண்ட் ஏதாவது இருந்து என் குச்சியில் போயிருந்தால் அது என் தவறு. புதைந்திருந்த மூன்று துணுக்குகளில் ஒன்று நாலாம் நாள் கழன்று விழுந்தது. எடுத்து வைத்திருக்கிறேன், ஆனால் எந்தக் குழியிலிருந்து என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஓட்டையைப் பார்த்ததும் திசையைச் சொல்லிவிட்டேன். இனிமேல் முதலில் எது உள், எது வெளி என்று ஓரத்தையும் ரிவெட்டையும் பெயிண்டையும் வைத்து முடிவு செய்துவிட்டுத்தான் ஓட்டைக்கு வருவேன். உதட்டை மட்டும் வைத்துத் திசை சொல்வதும் ஆபத்து, மிருதுவான எஃகாக இருந்தால் புகுந்த பக்கமும் கொஞ்சம் உதடு எழும்பும் என்று பேராசிரியர் எச்சரித்தார்.

அப்பத்தாவிடம் முதல் நாளே உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். எந்த ஓரத்தில் தட்டுவார்கள் என்ற ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் அந்த 31 குழிகளை மூன்று வாரம் மணித் தழும்பு என்று நம்பிக்கொண்டிருந்திருக்க மாட்டேன்.

ரவை விஷயத்தில் ஒரே ஒரு மாற்றம். தம்பியிடம் இன்னொரு படம் எடுத்து அனுப்பு என்று சொல்ல வாய்வரை வந்து அடக்கிக்கொண்டேன். அடுத்த முறை அந்த நினைப்பே வராமல், முதல் வார்த்தையே "வெளியே போ" என்று இருக்க வேண்டும். அன்றைக்கு அது என் வாயில் கடைசியாகத்தான் வந்தது.

புது வீட்டுப் பால் காய்ச்சலுக்குப் போயிருந்தேன். பந்தியில் எல்லாரும் உட்காரக் காத்திருந்தபோது அப்பத்தா எழுந்து போய் அந்தக் கடப்பாரைத் துண்டால் கீழ் ஓரத்தில் ஒரு தட்டுத் தட்டினார். தொங்கும் விதம் மாறியதால் ஒலியும் கொஞ்சம் மாறியிருந்தது, அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, இரண்டு விரல் தள்ளி மறுபடி தட்டினார்.